முதலாளி, தொழிலாளி, நடுவில் ஒரு மூன்றாம் ஆள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் இருந்த ஒரு கட்டடப்பொருள் கடையில் இரண்டரை ஆண்டுகள் கணக்கு எழுதினேன். ஒரு சனிக்கிழமை இரவு ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு முதலாளி என்னை ஒரு பக்கமாக அழைத்தார். “தம்பி, வியாபாரம் படுத்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம். ஏதாவது அலுவல் என்றால் கூப்பிடுகிறேன்” என்றார். அந்த மாதச் சம்பளத்தைக் கடித உறையில் போட்டுக் கையில் தந்தார், கூடவே வீட்டுக்கென்று ஒரு பொதி மிக்சரும். “சரி அண்ணை” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

இதில் யார் மீதும் கோபப்பட எதுவும் இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் கடை, அவர் காசு, அவருக்கு வேண்டாம் என்றால் வேண்டாம். பின்னர்தான் தெரிந்தது, அந்த ஒரு நிமிட உரையாடலுக்குள் நான்கு சட்டங்கள் நின்றுகொண்டிருந்தன என்று. எங்கள் இருவரில் ஒருவருக்கும் அவற்றில் ஒன்றைக்கூடத் தெரியாது. தொழில் சட்டம் என்றால் என்ன என்பதை அந்த இரவை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

இரண்டு பேர் சம்மதித்து ஒரு கொடுக்கல் வாங்கல் செய்தால் அதில் மூன்றாம் ஆளுக்கு என்ன வேலை? சந்தையில் பூசணிக்காய் வாங்கும்போது அரசாங்கம் வந்து விலை பேசுவதில்லை. உழைப்பை விற்பதில் மட்டும் ஏன் குறுக்கிட வேண்டும்? வன்னிக் கமக்காரனுக்கு இதன் விடை தெரியும். நெல்லுக்கு விலை இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டி அடுக்கி வைத்து இரண்டு மாதம் பொறுக்கலாம். இன்றைய நாள் உழைப்பை அப்படி அடுக்கி வைக்க முடியாது. இன்று விலை போகாவிட்டால் அது அழிந்துவிட்டது. ஆகவே விற்பவன் எப்போதும் அவசரத்தில் இருக்கிறான், வாங்குபவர் பொறுத்திருக்கலாம். இந்தச் சமமின்மையைப் பார்த்துத்தான் சட்டம் நடுவில் வந்து உட்கார்ந்தது.

வேறொரு விதமாகவும் சொல்லலாம். சிறுபோகத்துக்கு முன் குளத்து நீர் எத்தனை ஏக்கருக்குக் காணும் என்று கூட்டம் போட்டு முடிவெடுக்கிறார்கள். பிறகு நானும் என் பக்கத்து வயல்காரரும் எங்களுக்குள் பேசிக்கொண்டு, “நாங்கள் இரண்டு பேரும் சம்மதம்தானே” என்று வாய்க்காலைத் திறந்துவிட முடியாது. வேலை ஒப்பந்தமும் அப்படித்தான். குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே வேலை செய்கிறேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அந்தக் கையெழுத்து செல்லாது. சட்டம் போட்ட தளத்துக்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள், கீழே போக விட மாட்டோம் என்பதே இந்தச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான எண்ணம்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. பிரித்தானியர் 1865 இல் கொண்டுவந்த 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போன கூலியாளைச் சிறைக்கு அனுப்பலாம். அன்று சட்டம் முதலாளியின் பக்கம் தடியோடு நின்றது. தோட்டங்களில் இன்னொரு வழக்கமும் இருந்தது: ‘துண்டு’. கூலியாள் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று எழுதிய சிறு கடதாசி அது. புதிய தோட்டத்துரை அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் கைமாறலாம். நம் மொழிச் சொல் அப்படியே ஆங்கிலச் சட்டப் புத்தகத்துக்குள் போன அரிய இடங்களில் ஒன்று இது, பெருமைப்பட முடியாத இடம். 1921 இல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் வந்து குடியேறிய குடும்பங்களில் இந்தச் சொல்லைப் பாட்டன் பாட்டி வாயால் கேட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முற்பணம் கொடுத்துவிட்டு ஆளின் அடையாள அட்டையை மேசை லாச்சிக்குள் வைத்துக்கொள்ளும் முதலாளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் துண்டு ஞாபகத்துக்கு வரும்.

யார் ‘ஊழியர்’?

எல்லாப் பாதுகாப்பும் இந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகிறது. வீடு கட்டும் மேசனை எடுத்துக்கொள்வோம். “அத்திவாரத்திலிருந்து கூரை வரை இவ்வளவு காசு” என்று கொந்தராத்து பேசி, தன் கையாட்களைக் கொண்டுவந்து, தன் சாந்தகப்பையால் வேலை செய்து, லாபமோ நட்டமோ தன் தலையில் ஏற்பவர் ஊழியர் அல்லர். அவரே ஒரு சிறு முதலாளி. ஆனால் அவர் கூட்டிவந்த கையாள் காலையில் வந்து, அவர் சொன்ன வேலையைச் செய்து, மாலையில் நாட்சம்பளம் வாங்கிப் போனால் அந்தக் கையாள் மேசனுடைய ஊழியர். யார் கட்டளையிடுகிறார், யாருடைய கருவி, நட்டம் யாருக்கு, இந்த ஆளின் வேலை அந்தத் தொழிலின் உள்ளுறுப்பா அல்லது வெளியே இருந்து வந்து போவதா என்றெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் நீதிமன்றங்கள் தீர்மானிக்கின்றன. கடதாசியில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பது கடைசியாகப் பார்க்கும் விடயம்.

முல்லைத்தீவுக் கரையில் இது இன்னும் சிக்கலாகும். கரைவலை இழுப்பவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, பட்ட மீனில் பங்கு. மீன் படாத நாளில் அவருக்கும் இல்லை, சம்மாட்டிக்கும் இல்லை. அப்படியானால் இவர் பங்காளியா, ஊழியரா? ஆனால் வலையும் வள்ளமும் சம்மாட்டியுடையவை, எப்போது கடலில் இறங்குவது என்பதையும் அவரே சொல்கிறார். ஒரே ஆளிடம் இரண்டு அடையாளமும் இருக்கிறது. சட்டம் ஆலையையும் தோட்டத்தையும் அலுவலகத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது, கரைவலையை நினைத்து எழுதப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய மறைப்பு ஒன்று உண்டு, அது உறவுமுறை. “அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி” என்பார்கள். பொய்யாகச் சொல்வதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக்குக் காசு கொடுப்பார்கள், சாமத்தியச் சடங்குக்கு வந்து மொய் எழுதுவார்கள். ஆனால் வீட்டுப் பிள்ளைக்கு நியமனக் கடிதம் கொடுப்பதுண்டா? ஓய்வுக்காலச் சேமிப்பான சேமலாப நிதி கட்டுவதுண்டா? அன்பு இருக்கும் இடத்தில் கடதாசி கேட்பது அவமரியாதை என்று நாங்களும் வாய்மூடிவிடுகிறோம். கடை, அலுவலக ஊழியர் சட்டமோ (1954 இன் 19 ஆம் இலக்கம்) வேலைக்குச் சேரும் நாளிலேயே பதவி, சம்பளம், வேலை நேரம், விடுமுறை எல்லாம் எழுதிய கடிதம் கொடுக்க வேண்டும் என்கிறது. இரண்டரை ஆண்டில் நான் அதைக் கேட்கவும் இல்லை, அவர் தரவும் இல்லை. கேட்டிருந்தால் “என்மேல் நம்பிக்கை இல்லையா தம்பி?” என்றிருப்பார்.

ஒரு புடவைக் கடையின் வாரம்

தளம் என்று சொன்னேனே, அதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். புடவைக் கடையில் நிற்கும் ஒரு தங்கை காலை 8.30 க்கு வந்து இரவு 7.30 க்குப் போகிறாள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். ஆகவே நாளொன்றுக்கு 10 மணி நேர வேலை, வாரத்தில் 6 நாள், மொத்தம் 60 மணி நேரம். சம்பளம் மாதம் 30,000 ரூபா.

முதலில் அந்த 30,000. தேசியக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2016 இல் வந்தபோது மாதத்துக்கு 10,000 ரூபா என்று தொடங்கியது. படிப்படியாக ஏறி, 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. நாட்சம்பளக்காரருக்கு 1,200. ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை என்று இல்லை. களை பிடுங்கப் போகும் அக்காமாருக்குக் குறைத்துக் கொடுப்பது ‘வழக்கம்’ என்பவர்களுக்கு இதைச் சொல்லலாம். வீட்டு வேலை செய்பவர்களை மட்டும் இந்தச் சட்டம் வெளியே விட்டுவிட்டது. யாருக்கு மிகவும் தேவையோ அவர்களையே விட்டுவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஆக, சம்பளம் தளத்தில்தான் நிற்கிறது. ஆனால் நேரம்? கடைச் சட்டப்படி வழமையான வேலை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி, சாப்பாட்டு நேரம் சேர்க்காமல். கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை. இவள் 15 மணி கூடுதலாக நிற்கிறாள். ஒரு மணி நேரத்தின் பெறுமதியைக் காண மாதச் சம்பளத்தை 240 ஆல் பிரிப்பார்கள், 125 ரூபா வரும். மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, 187 ரூபா 50 சதம். பதினைந்து மணிக்கு 2,812 ரூபா 50 சதம். நான்கு வாரத்துக்கு 11,250 ரூபா. மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அவள் கடைக்கு இனாமாகக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அதுவும் வாரத்துக்கு 12 மணிக்கு மேல் மேலதிக வேலை வாங்கவே கூடாது என்றிருக்கும்போது. முதலாளி இதைத் திருட்டு என்று நினைப்பதில்லை. “கடை பூட்டும்வரை நிற்பதுதானே வேலை” என்று நினைக்கிறார். அவளும் அப்படித்தான் நினைக்கிறாள்.

அடுத்தது ஊழியர் சேமலாப நிதியம் (1958 இன் 15 ஆம் இலக்கச் சட்டம்). ஊழியர் பங்கு நூற்றுக்கு 8, முதலாளி பங்கு 12. எங்கள் தங்கையின் 30,000 இல் 2,400 கழித்து, முதலாளி தன் 3,600 ஐச் சேர்த்து, 6,000 ரூபாவாக அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். அதோடு ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி மட்டும் நூற்றுக்கு 3, அதாவது 900 ரூபா. ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும், நாட்சம்பளமானாலும், தற்காலிகமானாலும் முதல் நாளிலிருந்தே இது உண்டு. ‘நிரந்தரம் ஆன பிறகு கட்டுகிறோம்’ என்பது சட்டத்தில் எங்கும் இல்லாத வசனம். மொத்த 20 ஐயும் ஊழியரின் சம்பளத்திலேயே கழித்துவிட்டு ‘கட்டுகிறோம்தானே’ என்பவர்களும் உண்டு. அதுவும் கூடாது.

விடுமுறைகளை ஓடிச் சொல்லிவிடுகிறேன்: கடைச் சட்டத்தில் ஆண்டு விடுமுறை 14 நாள், தற்செயல் விடுமுறை 7 நாள், பிரசவ விடுமுறை 84 நாள். முதல் ஆண்டில் கணக்கு வேறு. ஆடைத் தொழிற்சாலை, அரிசி ஆலை போன்றவற்றுக்குக் கடைச் சட்டம் இல்லை. அங்கே சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் (1941) வேறு சட்டங்களும் பேசும், எண்கள் சற்று மாறும். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை 2021 க்குப் பிறகு வேலைக்கு வைக்கக் கூடாது.

பதினைந்தாவது ஆள்

எனக்குத் தெரிந்த ஆலைக்காரர் ஒருவர் பரந்தன் பக்கத்தில் நெல் குற்றுகிறார். நல்ல மனிதர். “அண்ணை, இன்னும் ஆட்களை எடுக்கலாம்தானே?” என்று கேட்டபோது, “பதினாலு பேருக்கு மேல் எடுக்க மாட்டேன். பதினைந்து ஆனால் சட்டம் வரும்” என்றார். தொழில் சட்டம் உறவை எப்படி வடிவமைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. எங்கோ கொழும்பில் எழுதிய ஓர் எண், பரந்தனில் ஒரு பையனுக்கு வேலை கிடைக்குமா இல்லையா என்று தீர்மானிக்கிறது.

அவர் சொன்ன எண் சரி. பணிக்கொடைச் சட்டம் (1983 இன் 12 ஆம் இலக்கம்) பதினைந்து பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்துக்கு. ஐந்து ஆண்டு முடித்த மாதச் சம்பளக்காரருக்கு, அவர் எந்தக் காரணத்தால் வேலையை விட்டாலும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம். 30,000 ரூபாக்காரர் பத்து ஆண்டு இருந்தால் 150,000 ரூபா, 30 நாளுக்குள். வேலை முடிவுறுத்தல் சட்டமும் (1971 இன் 45 ஆம் இலக்கம்) பதினைந்திலிருந்துதான் தொடங்குகிறது. பன்னிரண்டு மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை, அவர் குற்றம் எதுவும் செய்யாதபோது, ‘வியாபாரம் படுத்துவிட்டது’ போன்ற காரணத்துக்காக நிறுத்துவதானால் அவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும்.

ஆனால் எண்ணும் முறையில் ஆலைக்காரர் பிழைவிட்டிருந்தார். முடிவுறுத்தல் சட்டம் ஆறு மாதச் சராசரியைப் பார்க்கிறது. பணிக்கொடைச் சட்டமோ, வேலை முடிவதற்கு முந்திய பன்னிரண்டு மாதத்தில் ‘ஏதாவது ஒரு நாள்’ பதினைந்து பேர் இருந்தார்களா என்று மட்டும் கேட்கிறது. காலபோக அறுவடை முடிந்து நெல் வந்து குவியும்போது மூட்டை ஏற்றி இறக்க ஆறு நாட்டாமைகளை அவரே நாட்சம்பளத்துக்குப் பிடிக்கிறார். பதினாலும் ஆறும் இருபது. இதைச் சொன்னதும் அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “நாட்டாமையையும் எண்ணுவார்களா?” என்று கேட்டார். பதினைந்துக்குக் குறைந்த இடத்தில் வேலை செய்பவரும், வேலைப் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் பணிக்கொடை கேட்டு மனுப் போடலாம் என்பதை அன்று நான் அவரிடம் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு செய்தி போதும்.

“வர வேண்டாம்” என்றால்

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் கடையில் ஆறு பேர். ஆகவே ஆணையாளரின் அனுமதி எதுவும் என் முதலாளிக்குத் தேவைப்படவில்லை. ஆனாலும் ஒரு கதவு திறந்திருந்தது. கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ் (1950 இன் 43 ஆம் இலக்கம்) இயங்கும் தொழில் நியாய சபைக்கு ஆறு பேர் கடையா, அறுநூறு பேர் ஆலையா என்ற கணக்கு இல்லை. நியாயமில்லாமல் நிறுத்தப்பட்டவர் தானே மனுப் போடலாம், சட்டத்தரணி இல்லாமலும் போகலாம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதற்குக் கட்டுப்படாமல், ‘நீதியும் நியாயமுமான’ கட்டளை எதுவோ அதைச் சபை இடலாம். திரும்ப வேலையில் சேர்க்கச் சொல்லலாம், நட்டஈடு கொடுக்கச் சொல்லலாம். கடையில் கள்ளக் கணக்கு எழுதிப் பிடிபட்டவன் போய் நின்றால் முதலாளி செய்தது சரி என்றும் சொல்லலாம், அப்படிச் சொன்ன வழக்குகள் ஏராளம். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும் என்பதையும் மறைக்கக் கூடாது.

அங்கே முதலில் எழும் கேள்வி, நிறுத்தினாரா, நின்றாரா என்பது. ‘நான்தான் நிறுத்தினேன்’ என்று முதலாளி ஒப்புக்கொண்டால், அது நியாயமானது என்று நிரூபிக்கும் பாரம் அவர் தோளில். ‘நான் நிறுத்தவில்லை, அவர்தான் வரவில்லை’ என்றால், நிறுத்தப்பட்டதை நிரூபிக்கும் பாரம் தொழிலாளியின் தோளில் ஏறிவிடும். என் முதலாளி ஊரில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: “அந்தத் தம்பி தானாகத்தான் நின்றுகொண்டார்.” நான் சொன்ன “சரி அண்ணை” அவருக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று! வாய்ப்பேச்சில் நிறுத்தப்பட்ட ஒருவர் செய்ய வேண்டியது, மறுநாளும் வேலைக்குப் போய் நிற்பது. திருப்பி அனுப்பினால் அன்றைக்கே தபாற்கந்தோருக்குப் போய், ‘இன்ன தேதி வேலைக்கு வந்தேன், வேண்டாம் என்றீர்கள், காரணம் அறியத் தாருங்கள்’ என்று ஒரு பதிவுத் தபால் போட்டுப் பிரதியையும் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துவது. வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாமல் இருப்பது.

மனுவுக்குக் கெடு ஆறு மாதம். எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது ஏழாவது மாதத்தில்.

மிஞ்சியது சேமலாப நிதி. அதற்கு அந்த ஆறு மாதக் கெடு கிடையாது, நியாய சபைக்கும் போகத் தேவையில்லை. மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தால் தொழில் உத்தியோகத்தர் விசாரிப்பார். வேலையில் இருக்கும்போதே முறையிடுபவர் தன் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்கலாம். நான் பெயரோடுதான் கொடுத்தேன். கொடுக்கும்போது கை நடுங்கியது, ஏதோ சொந்த மாமனைக் கோட்டுக்கு இழுப்பதுபோல.

விசாரணைக்கு முதலாளி கடையின் நாளேட்டைக் கொண்டுவந்திருந்தார். உத்தியோகத்தர் புரட்டினார். ஒவ்வொரு மாத முடிவிலும் சம்பளப் பதிவு இருந்தது, எல்லாம் என் கையெழுத்தில். லொறிச் சாரதியின் பெயர் இருந்தது, காவலாளியின் பெயர் இருந்தது. என் சம்பளத்துக்கு நேரே, முதலாளி வாயால் சொல்லச் சொல்ல எழுதியபடியே, ‘தம்பி’ என்று மட்டும் இருந்தது. முப்பது மாதமும் அப்படித்தான்.

“இந்தத் தம்பி நீங்கள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று உத்தியோகத்தர் கேட்டார். சிரிக்காமல்தான் கேட்டார். என்னிடம் கடிதம் இல்லை, சம்பளச் சிட்டை இல்லை, வங்கிப் பதிவு இல்லை. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முதலாளி நாற்காலியில் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

“இவர்தான் சேர்” என்றார்.

இருபது வீதத்தையும், கட்டத் தவறியதற்கான மிகைக்கட்டணத்தையும் சேர்த்து, நான்கு தவணையில் கட்டினார்.

வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. “வானில் ஏறு தம்பி, சந்தியில் இறக்கிவிடுகிறேன்” என்றார். ஏறினேன்.